நாலாவது சக்கரத்துக்கு ஊற்றாத தண்ணீர்

நல்லான் என்கிற எனக்கு வாய் அதிகம் என்று திருப்பூரில் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். கிளட்ச்சின் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவனை நான் சும்மா விட்டதில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் கோயமுத்தூர் வரைக்கும் போய்விட்டு, “இஞ்சின் போச்சு, நல்லா” என்று வந்து நிற்கிறவனுக்கு முதலில் திட்டு, அப்புறம்தான் ஸ்பேனர். ஆள் எவ்வளவு பெரிய சாதிக்காரனாக இருந்தாலும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு திட்டிவிடுவேன். திட்டு இஞ்சினுக்குப் போகிறது என்று அவனும் வைத்துக்கொள்வான். இவ்வளவு பேசுகிற நான் ஒரு விஷயத்தை மட்டும் பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் அதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வந்தது. அப்போதும் சொல்லவில்லை.

ஈஸ்வரமூர்த்தி என்னைவிட இரண்டு வயது இளையவர். அப்போது திருப்பூரில் பெயர் சொல்லும்படி இருந்த பனியன் கம்பெனிகளில் அவர்களுடையதும் ஒன்று. அப்பா இறந்த பிறகு அம்மா பழனியம்மாளும் தாய்மாமன் கந்தவேலும் கம்பெனியைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரே பிள்ளை. சென்னைக்குப் படிக்கப் போன இடத்தில் கார் ரேஸ் பார்த்துவிட்டார். அதோடு படிப்பு போயிற்று. நான் கம்பெனி வண்டிகளுக்கு மெக்கானிக். வண்டிகள் என்றால் ஒரு லாரி, சாம்பல் நிறத்தில் ஒரு கார், அவ்வளவுதான். அந்தக் கார் வாரத்தில் ஆறு நாள் பனியன் பண்டல் ஏற்றிக்கொண்டு ரயிலடிக்கும் சலவைப் பட்டறைக்கும் ஓடும். ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதையே ரேஸ் காராக்கிக்கொள்வோம்.

காங்கேயம் ரோட்டுக்குத் தெற்கே, சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன விமானத் தளம் ஒன்று சும்மா கிடந்தது. ஆடு மேயும், சோளம் காயப்போடுவார்கள். கோயமுத்தூர் மில்காரப் பிள்ளைகள் ஒரு கிளப் வைத்து வருஷத்துக்கு ஒரு தரம் அங்கே ரேஸ் விட்டார்கள். தார் டின்களை நிறுத்தி வளைவு செய்து, ஓரத்தில் பஞ்சு வேஸ்ட் மூட்டைகளை அடுக்கினால் மைதானம் தயார்.

ரேஸ் என்றால் வேகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வேகம் எந்தக் கழுதைக்கும் வரும். வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய் ரேஸ் ஓட்டுகிறவனுக்குச் சனியன் பிரேக்கில்தான் உட்கார்ந்திருக்கும். ஊருக்குள் ஒரு நாள் முழுக்க மிதிக்கிற மிதியை அங்கே பத்து நிமிஷத்தில் மிதித்துவிடுவோம். சக்கரத்துக்குள் இருக்கிற இரும்பு ட்ரம் தோசைக்கல்லாகக் காய்ந்துவிடும். காய்ந்த ட்ரம்மில், அதை உரசி நிறுத்துகிற லைனிங் பட்டை பிடிக்காது, வழுக்கும். இன்னும் காய்ந்தால் பிரேக் ஆயில் கொதித்துப் போய், மிதித்த பெடல் மெத்தென்று உள்ளே இறங்கும். அப்போது கூப்பிடச் சாமிதான் உண்டு.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததில்லை. பதினைந்து வயதிலிருந்து லாரி கிளீனராகத் திம்பம் மலை ஏறி இறங்கினவன் நான். கருகின லைனிங் வாசனையை வைத்தே இன்னும் எத்தனை வளைவுக்குப் பிரேக் இருக்கும் என்று சொல்லிவிடுவேன். அதனால் ஈஸ்வரமூர்த்தியின் காருக்குச் சில வேலைகள் செய்தேன். சக்கரத்து மூடிகளைக் கழற்றி எறிந்தேன். சக்கரத் தகட்டில் முட்டை அளவுக்கு ஓட்டைகள் வெட்டினேன். ஓடுகிற காற்று நேராக ட்ரம்மில் போய்ப் பட வேண்டும் என்பதற்காக.

காருக்குச் செய்தது போக, ஆளுக்குச் செய்ததுதான் பெரிய வேலை. பிரேக்கில் காலைத் தடவிக்கொண்டே இருக்கக் கூடாது. ஒரே மிதி, பலமாக மிதித்து, உடனே விட்டுவிட வேண்டும். கியரைக் குறைத்து இஞ்சினிடம் பாதி வேலையை வாங்க வேண்டும். ரேஸ் முடிந்ததும் அப்படியே நிறுத்தக் கூடாது. பிரேக்கைத் தொடாமல் மெதுவாக இன்னொரு சுற்றுப் போய், காற்றிலேயே ஆறவிட வேண்டும். நின்ற பிறகும் ஹாண்ட்பிரேக் இழுக்கக் கூடாது, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். தண்ணீர் மட்டும் கிட்டேயே வரக் கூடாது. பண்ணாரியில் ஒரு டிரைவர், மலை இறங்கின கையோடு பள்ளத்துத் தண்ணீரை மொண்டு ட்ரம்மில் ஊற்றினான். காய்ந்த இரும்பு குளிர்ந்த தண்ணீரைத் தாங்காது. அந்த ட்ரம் அப்போதே கீறல் விட்டு, சத்தியமங்கலம் போவதற்குள் துண்டாகிவிட்டது. அந்தக் கதையை நான் ஈஸ்வரமூர்த்திக்கு ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பேன்.

“வண்டிக்குள்ள ஏறிட்டா நீதான் மொதலாளி, நல்லா. நான் தப்புப் பண்ணுனா திட்டு,” என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். நானும் திட்டினேன். “மிதிச்சது போதும், விடுய்யா காலை!” என்று கத்துவேன். அவர் சிரித்துக்கொண்டே விடுவார். இறங்கினதும் நான் இரண்டடி தள்ளி நின்று, “வர்ற வாரம் பாக்கலாமுங்க” என்பேன். எனக்கு அவரைப் பிடிக்கும். சொல்வதற்கு என்ன வெட்கம், ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த எங்கள் வளவில் இருக்கிற சொந்தக்காரர்கள் பலரைவிடப் பிடிக்கும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின அந்த ரேஸைப் பார்க்கப் பழனியம்மாளும் வந்தார். காலையில் ஒரு ஓட்டம், அதில் முதல் நாலு இடத்துக்கு வருகிறவர்களுக்கு மத்தியானம் கடைசி ஓட்டம். அந்தம்மா சிவன்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டு, தீர்த்தத்தில் மஞ்சள் கரைத்து, பித்தளைக் குடம் நிறையக் கொண்டுவந்திருந்தார்.

அவர்கள் பரம்பரையாக நெசவுக் குடும்பம். தறி போய்ப் பனியன் மிஷின் வந்த பிறகும் ஒரு வழக்கத்தை விடவில்லை. புது மிஷின் முதல் துணியை இறக்கினதும் அதை நிறுத்தி, அதன் கால்களுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஓடின சூடும் தணியும், கண்ணேறும் கழியும். எல்லாக் காலுக்கும் ஊற்ற வேண்டும். ஒரு காலை விட்டாலும் மிஷின் ஆளைப் பலி கேட்கும் என்பார்கள். காருக்கு நாலு சக்கரம் என்றால் அந்தம்மா கணக்கில் நாலு கால். இது எனக்குக் குடத்தைப் பார்த்தபோதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சாமி கும்பிடத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

காலை ஓட்டத்தில் ஈஸ்வரமூர்த்தி முதலாவதாக வந்தார். கோட்டைத் தாண்டினதும், இன்னொரு சுற்றுப் போகச் சொல்லி நான் துண்டை வீசினேன். அவரும் போகத்தான் பார்த்தார். ஆனால் கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் சந்தோஷத்தில் கயிற்றைத் தாண்டி ஓடிவந்துவிட்டார்கள். நடுவில் அந்தம்மா குடத்தோடு நிற்கிறார். பெற்றவளை ஒதுக்கிவிட்டு எப்படி ஓட்டுவது? நிறுத்திவிட்டார். பத்தடி தூரத்திலேயே எனக்கு லைனிங் வாசனை அடித்தது.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன்.

“அம்மாங்க, சித்தெ பொறுங்க. ட்ரம்மு சூடா இருக்குதுங்க.”

“சூடு தணியத்தானெ ஊத்தறது, நல்லா. தள்ளி நில்லு.”

நான் தள்ளி நின்றேன். தள்ளி நில் என்றால் தள்ளி நிற்பது என் உடம்புக்குப் பழகிப்போனது. அதற்கு யோசனையே வேண்டாம். அந்தம்மா பின்பக்கத்து இடது சக்கரத்தில் ஆரம்பித்தார். கொஞ்சம் ஆவி வந்தது. முன்னால் வந்து இடது சக்கரத்துக்கு ஊற்றினார். சுர்ரென்று புகை கிளம்பியது, பெண்கள் குலவை போட்டார்கள். சுற்றி வந்து முன்பக்கத்து வலது சக்கரத்துக்கு ஊற்றினார். காற்றுக்காக நான் வெட்டிவைத்த ஓட்டைகள் வழியாகவே தண்ணீர் நேராக உள்ளே போயிற்று. குலவைக்கும் சுர்ருக்கும் நடுவில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். வேறு யார் காதிலும் அது விழுந்திருக்காது.

நாலாவது சக்கரத்துக்கு அவர் குடத்தைச் சாய்த்தபோது நான் போய்க் குடத்தைப் பிடித்துவிட்டேன்.

குலவை நின்றது. குடத்தின் ஒரு பக்கம் அந்தம்மா கை, மறுபக்கம் என் கை. அவர் நெருப்பைத் தொட்டவர் போலக் கையை எடுத்துக்கொண்டார். குடம் கீழே விழுந்து மிச்சத் தண்ணீர் தாரில் ஓடியது. கந்தவேல் வந்து என்னை அறைந்தார்.

“வளவுக்காரன் கை தீர்த்தக் கொடத்துல படலாமாடா? யாருடா குடுத்தா உனக்கு இத்தனை எடம்?”

“இல்லீங்க சாமி, ட்ரம்மு...” என்று வாயெடுத்தேன். இன்னொரு அறை. கம்பெனியில் எனக்குக் கீழே வேலை பார்க்கிறவன் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான். ஈஸ்வரமூர்த்தி காரிலிருந்து இறங்கி வந்து மாமனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். என் பக்கம் திரும்பவில்லை. அறையைவிட அதுதான் எனக்கு வலித்தது.

என்னைக் கயிற்றுக்கு வெளியே ஓர் உடைமரத்தடியில் போய் நிற்கச் சொன்னார்கள். மத்தியான ஓட்டத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது ஈஸ்வரமூர்த்தி காரை அங்கேயே ஓட்டிக்கொண்டு வந்தார். வேறு மெக்கானிக் யார் இருக்கிறார்கள்?

“வலிக்குதா?” என்றார்.

சக்கரத்து ஓட்டைக்குள் ஸ்பேனரை விட்டு ட்ரம்மைத் தட்டிப் பார்த்தேன். முன்பக்கத்து இடது ட்ரம் கணீரென்றது. வலது ட்ரம் மண்சட்டி மாதிரி மொத்தென்றது.

“வலது ட்ரம்மு கீறல் உட்ருச்சுங்க. வண்டியெ எடுக்க வேண்டாமுங்க.”

“நிச்சயமாவா?”

“கழட்டிப் பாத்தாத்தானுங்க நிச்சயமாத் தெரியும். அரை மணி நேரம் ஆகுமுங்க.”

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “இப்ப நான் ஓட்டலீன்னா, நல்லான் கொடத்தெத் தொட்டதுனாலதான் தடைபட்டுப் போச்சும்பாங்க. மாமன் உன்னெய ஊருக்குள்ள இருக்க உடமாட்டாரு. அம்மா ஊத்துன தண்ணியில ட்ரம்மு போச்சுன்னு நான் எப்புடிச் சொல்றது? ஓட்டி முடிச்சுட்டு வந்துட்டா எல்லாத்தையும் மறந்துருவாங்க. கியர்லயே புடிச்சுக்கறேன். நீ சொல்லிக்குடுத்ததுதானெ?”

சொல்லிவிட்டு அம்மாவிடம் விபூதி வாங்கிவரப் போனார். நான் ஆயில் பார்க்கப் பானெட்டைத் திறந்தேன். இஞ்சினுக்குக் கரண்ட் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ரோட்டார் என்று கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு இருக்கும். அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் யார் வந்தாலும் வண்டி கிளம்பாது. நான் மூடியைக் கழற்றினேன். ரோட்டாரைக் கையில் எடுத்தேன். எடுத்துக்கொண்டு எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கந்தவேல் யாரிடமோ என்னைக் காட்டி ஏதோ சொல்ல, அவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஓட்டட்டும் என்று நினைத்தேன். ட்ரம் உடையட்டும், அப்போது தெரியட்டும் நான் ஏன் தொட்டேன் என்று. உடைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அதைத் தெரிந்த ஒரே ஆள் அந்த மைதானத்தில் நான்தான். ஆனால் அந்த ஒரு நிமிஷம் என் கன்னத்து எரிச்சலைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. ரோட்டாரை இருந்த இடத்திலேயே மாட்டினேன். பானெட்டை மூடினேன். அவர் திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தபோது, “பாத்து ஓட்டுங்க” என்று மட்டும் சொன்னேன். வண்டிக்குள் இருக்கிற மனிதரை எப்படியும் திட்டலாம் என்று எனக்கு உரிமை இருந்தது. இறங்குய்யா கீழே என்று அன்றைக்குக் கத்தியிருக்கலாம். மரியாதையாகப் பேசினேன்.

பத்துச் சுற்று. ஆறு சுற்று வரைக்கும் அவர் கியரிலேயே பிடித்து ஓட்டினார். இரண்டு கார் முந்திப் போயின, அவர் சட்டை செய்யவில்லை. என் மனசு ஆற ஆரம்பித்தது. ஏழாவது சுற்றில் கோயமுத்தூர் கார் ஒன்று வளைவுக்கு முன்னால் குறுக்கே வந்து வழுக்கியது. இவர் பிரேக்கை மிதித்தார். நான் சொல்லிக்கொடுத்தபடிதான் மிதித்திருப்பார்: ஒரே மிதி, பலமாக. காரின் பின்னால் சிவப்பு விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது. அப்புறம் எரியவே இல்லை. பிரேக் ஆயில் தள்ளினால்தான் அந்த விளக்கு எரியும். ட்ரம் துண்டாகி, ஆயில் எல்லாம் பீறிட்டுப் போய்விட்டது, நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை என்று எனக்கு அங்கிருந்தே புரிந்தது. கியர் மாற்றுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது. கார் வேஸ்ட் மூட்டைகளைப் பிளந்துகொண்டு போய் அதற்கு அப்பால் இருந்த பனைமரத்தில் மோதியது.

ஓடினேன். காடு முழுக்கப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. நான் கதவைப் பிய்த்துத் திறந்தபோது அவருக்கு உயிர் இல்லை. நெற்றி விபூதி கலையாமல் அப்படியே இருந்தது. நான் அவரை மடியில் போட்டுக்கொண்டு, வண்டிக்குள் திட்டுகிற அதே வார்த்தைகளால் திட்டித் திட்டி அழுதேன். அப்போது யாரும் தொடாதே என்று சொல்லவில்லை.

அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, தடத்தில் கிடந்த ட்ரம் துண்டுகளைப் பார்த்தேன். ஒரு துண்டின் உடைந்த விளிம்பில் பாதி தூரத்துக்கு மஞ்சள் கறை ஓடி, கருகிப் போயிருந்தது. கீறலுக்குள் இறங்கின தண்ணீர். அதைப் பார்த்தால் வண்டி தெரிந்த எவனுக்கும் எப்படி உடைந்தது என்று புரிந்துவிடும். அந்தம்மா காதுக்கு அது போக எத்தனை நேரம் ஆகும்? நான் அந்தத் துண்டுகளைத் தோள்துண்டில் சுற்றி, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் போட்டுவிட்டேன். வந்து பார்த்த இன்ஸ்பெக்டர், பிரேக் வேலை சரியாகச் செய்யவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். செய்தவன் நான்தான். தலையை ஆட்டினேன்.

ஊரில் வேறு பேச்சு. வலது பக்கத்துச் சக்கரம்தான் போயிற்று என்று பார்த்தவர்கள் சொன்னார்கள், முன்சக்கரமா பின்சக்கரமா என்று சொல்லவில்லை. பழனியம்மாளுக்கு அது போதுமாக இருந்தது. வலது பக்கம் பின்சக்கரத்துக்குத்தானே தண்ணீர் ஊற்றவில்லை. நாலாவது காலுக்கு ஊற்றவிடாமல் நல்லான் தடுத்தான், அந்தக் கால் ஆளைக் கேட்டுவிட்டது. அந்தம்மா அதை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார். என்னை வேலையைவிட்டு அனுப்பினார்கள். பல்லடம் ரோட்டில் லாரிப் பட்டறை வைத்துக்கொண்டேன். பட்டறைக்கு முதல் இரண்டு வருஷம் திருப்பூர் முதலாளிகளின் கார் ஒன்றுகூட வரவில்லை. லாரிக்காரர்களுக்கு இதெல்லாம் பொருட்டில்லை, அதனால் பிழைத்தேன்.

போன மாதம் கம்பெனியிலிருந்து ஆள் வந்தான், பெரியம்மா கூப்பிடுகிறார் என்று. போனேன். கந்தவேல் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அந்தம்மா முன்கூடமான ஆசாரத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றுவிட்டது. ஒரு காலும் இல்லை. நான் வாசல் கல்லிலேயே நின்றேன்.

“நல்லானா?”

“ஆமாங்க அம்மா.”

“உள்ள வா. கிட்ட வா.”

அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்றேன்.

“பன்னெண்டு வருசமா ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். நான் போறதுக்குள்ள சொல்லிப்போடு. அந்த நாலாங் காலுக்கும் நான் ஊத்தியிருந்தா, எம்பையன் இருந்திருப்பான்ல?”

இல்லீங்க அம்மா, நீங்க ஊற்றின சக்கரத்தில்தான் ட்ரம் உடைந்தது, ஊற்றாத சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லலாம். சொன்னால் என் மேல் இருக்கிற பழி போய்விடும். பன்னிரண்டு வருஷமாக என்னைச் சபித்துச் சபித்துத்தான் அந்தம்மா உயிரோடு இருக்கிறார் என்பதும் அவரைப் பார்த்தால் தெரிந்தது. பழி இல்லாதவனா நான்? ரோட்டாரைத் திரும்ப மாட்டின கை என்னுடையதுதானே.

“ஆமாங்க,” என்றேன். “இருந்திருப்பாருங்க.”

அந்தம்மா பெருமூச்சு விட்டார். “எனக்குத் தெரியும். உன் வாயில வரோணும்னு இருந்தேன்,” என்றார். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, உள்ளே இருந்த வேலைக்காரியைக் கூப்பிட்டார்.

“மயிலா, இவன் நின்ன எடத்துல ரெண்டு கொடம் தண்ணி ஊத்திக் கழுவி உட்ரு.”

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலைத் தாண்டும்போது பின்னால் தரையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.